குசினிக்குள் நின்று பார்க்க வேண்டிய வீடு

என் தங்கச்சி நுஸ்றாவுக்கு மாமியாராக வரவிருந்த பெண், எங்கள் பின்வளவில் ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் செருப்புமாக நின்றார். செருப்பைக் கழற்ற அங்கே எந்தத் தேவையும் இருக்கவில்லை. அது வெறும் அத்திவாரம். உள்ளே புல் முழங்கால் வரை வளர்ந்திருந்தது. ஒரு மூலையில் பக்கத்து வீட்டுக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் ஒரு வீட்டுக்குள் வருகிறோம் என்ற மரியாதையோடுதான் கழற்றியிருந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் செருப்புத்தான்.

கைப்பேசியில் நான் கீறிய படம் இருந்தது. அவர் படத்தைப் பார்த்தார். அத்திவாரத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"மகள், இது குசினியா?"

"இல்ல மாமி. இதான் முழு ஊடு."

உம்மா தோடம்பழச் சாறு வைத்த தட்டோடு பாதி வழியில் நின்றுவிட்டார். யாரும் எடுக்காத கிளாஸ்களை ஏந்திக்கொண்டு நிற்பது எவ்வளவு பாரம் என்று உம்மா பிறகு பல தடவை சொல்லியிருக்கிறார்.

"படத்துல முன்னால ரெண்டு கார் நிப்பாட்டலாம் போல கிடக்கே. அந்த கேட் எங்க?" என்று கேட்டார் வந்தவர்.

நான் கையை நீட்டிக் காட்டினேன். நான் காட்டிய இடத்தில், நான் சோறு ஆக்கும் குசினியின் பின்சுவர் இருந்தது. அதன் அடியில் இரண்டு சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தேன்.

வீடு யாருடையது

எங்கள் கிழக்கிலங்கைக் கரையைத் தெரியாத வாசகர்களுக்கு ஒரு விசயத்தைச் சொல்லிவிட வேண்டும். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும், ஏன் பக்கத்துத் தமிழ் ஊர்களிலும்கூட, வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடிந்து பெண் புறப்பட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். ஆகவே மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வருவது, தன் மகன் இனி எங்கே தூங்குவான், எங்கே சாப்பிடுவான் என்று பார்க்க வருவதுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வாப்பாவுக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள், இரண்டும் பெண்கள். ஒரே வளவில் முன்பக்கத்தில் எனக்கு வீடு கட்டிக் கொடுத்தார். பின்பக்கத்தில் தங்கச்சி நுஸ்றாவுக்கு அத்திவாரம் போட்டார். போட்ட சில மாதங்களில் மௌத்தாகிக் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு சீமெந்து விலை ஏறியது, ஏறிய விலை இறங்கவில்லை. அத்திவாரம் அத்திவாரமாகவே கிடந்தது.

வீடு இல்லாத காரணத்தால் இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயின. நுஸ்றாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதாக வந்தது இந்தச் சாய்ந்தமருதுச் சம்பந்தம். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஊட்டின்ட படம் ஒண்டு அனுப்பச் சொல்லுங்க.

"ஊரில உள்ள ஆக்களுக்கெல்லாம் ஊடு கீறிக் குடுக்காய்," என்றார் உம்மா. "உன்ட தங்கச்சிக்கு ஒண்டு கீற ஏலாதா?"

ஏலும் என்றுதான் நினைத்தேன்.

ரயில் இல்லாத ஊரில் தண்டவாளம்

நான் வேலை செய்வது கல்முனையில், ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில். வீட்டுப் பிளான் கீறும் சிறிய அலுவலகம். பிளான் என்பது வீட்டை மேலிருந்து பார்த்து, கூரையைக் கழற்றிவிட்டுக் கீறுவது. அது மேசனுக்கும் அனுமதி கொடுக்கும் சபைக்கும் விளங்கும். வீட்டுக்காரருக்கு விளங்காது. பிளானைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே "நல்லாத்தான் இருக்கு" என்று தலையாட்டுபவர்களைக் கிழமைக்கு இரண்டு பேரையாவது பார்ப்பேன். அவர்களுக்கு வேண்டியது வீதியில் நின்று பார்த்தால் வீடு எப்படித் தெரியுமோ அப்படி ஒரு படம்.

அதைக் கம்பியூட்டரில் செய்துகொண்டிருந்தவர் சவூதிக்குப் போய்விட்டார். பாதி நாள் கரண்ட் இல்லாமல் இருந்த வருடம் அது. கம்பியூட்டரும் பாதி நாள் சும்மா கிடந்தது. "தங்கச்சி, கையால கீறப் பழகுங்களன்," என்று என்னிடம் சொன்னார் அலுவலகத்தை நடத்தும் சேர். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது, மூன்று பிள்ளைகள். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

பள்ளிக்கூடத்தில் சித்திர பாடத்தில் இதைத் தொட்டிருக்கிறேன். தொட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ரீச்சர் கரும்பலகையில் இரண்டு தண்டவாளங்களைக் கீறி, தூரத்தில் அவை ஒன்றுசேர்வதாகக் காட்டினார். வகுப்பில் ஒருவர்கூட ரயிலைக் கண்டதில்லை. ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடும், எங்கள் பக்கம் வராது. தண்டவாளம் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் என்றால் ரயில் எப்படிப் போகும் என்று ஒருத்தி கேட்டாள். ரீச்சர் அவளை வெளியே நிற்க வைத்தார். நான் தண்டவாளத்தின் மேல் ஒரு மாட்டு வண்டியைக் கீறி நல்ல புள்ளி வாங்கினேன்.

இந்த முறை என்னுடைய ரீச்சர் கைப்பேசியில் ஒரு வெளிநாட்டுக்காரர். அவர் கதைத்தது எந்த மொழி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சத்தத்தைக் குறைத்துவிட்டு அவருடைய கையை மட்டும் பார்த்தேன். ஒரு வகையில் அது நல்லதாகப் போயிற்று.

முதலில் கண்மட்டக் கோடு. அதை நான் கடற்கரையில்தான் விளங்கிக்கொண்டேன். நின்று பார்த்தால் கடலும் வானமும் சேரும் கோடு என் கண் உயரத்தில் இருந்தது. மணலில் குந்தியிருந்து பார்த்தால் அதுவும் என்னோடு கீழே இறங்கியது. எழும்பினால் எழும்பியது. சோதித்துப் பார்க்கும் ஆசையில் நாலைந்து தடவை எழும்பி எழும்பி இருந்தேன்.

"என்னடி இது, இருந்து இருந்து எழும்புறாய்?" என்றார் கூட வந்த உம்மா. "ஆக்கள் பாக்காங்க."

அடுத்தது மறைபுள்ளி. சம்மாந்துறைக்குப் போகும் பாதையில் இரண்டு பக்கமும் வயல். நடுவே தார் ரோடு நீட்டுக்குக் கிடக்கும். பஸ்ஸில் முன் ஆசனத்தில் இருந்து பார்த்தால் ரோட்டின் இரண்டு கரையும், கரண்ட் கம்பங்களின் தலைகளும், வயல் வரம்பும் எல்லாமாகப் போய் ஒரே புள்ளியில் விழும். நம்மை விட்டு ஒரே திசையில் போகும் கோடுகள் எல்லாம் கண்மட்டத்தில் அந்த ஒரே புள்ளிக்குத்தான் போய்ச் சேருகின்றன. இத்தனை வருடம் அந்த ரோட்டால் போய் வந்திருக்கிறேன். கண்ணில் பட்டதேயில்லை.

பிறகு கட்டக்கோடுகள். நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, அந்தச் சதுரங்கள் தூரம் போகப் போக எப்படிச் சப்பையாகின்றன என்று கீற வேண்டும். கிட்ட உள்ள வரிசையிலிருந்து மறைபுள்ளிக்குக் கோடுகளை இழுப்பது லேசு. குறுக்குக் கோடுகளை எவ்வளவு நெருக்கி நெருக்கிப் போடுவது என்பதுதான் சிக்கல். கண்மதிப்பில் போட்டுப் போட்டு ஒரு கொப்பியையே நாசமாக்கினேன். கடைசியில் ஆம்பிளைகள் இடுப்பில் உடுக்கும் சாறனைப் போல ஒரு சிறு கட்டத் துணியை அந்த வெளிநாட்டுக்காரர் மேசையில் விரித்துக் காட்டினார்.

நான் நிஜமாகவே என் மனிசனின் கட்டம்போட்ட சாறனை எடுத்து ஹோலில் விரித்து, தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சரிவாக ஒரு கோடு போட்டால் அது ஒவ்வொரு கட்டத்தின் மூலையையும் தொட்டுக்கொண்டு போகும். கிட்ட உள்ள கட்டமானாலும் தூர உள்ள கட்டமானாலும் அப்படித்தான். ஆகவே சரிவுக் கோட்டை முதலில் இழுத்துவிட்டால், அது வெட்டும் இடங்களில் எல்லாம் குறுக்குக் கோடு தானாக வந்துவிடும். எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. சத்தம் போட்டுச் சிரித்தேன். குளித்துவிட்டு வந்த மனிசன் வாசலில் துவாயோடு நின்று, "முடிஞ்சா சாறனத் தாறயா?" என்றார்.

ஊசி மூலை

வீட்டின் மூலையை முன்னால் வைத்துக் கீறுவதற்கு இரண்டு மறைபுள்ளிகள் வேண்டும். இடப்பக்கச் சுவர் ஒன்றுக்குப் போகும், வலப்பக்கச் சுவர் மற்றதற்குப் போகும். நான் இரண்டையும் தாளின் இரண்டு ஓரங்களில் வைத்தேன். தாள் அவ்வளவுதானே இருந்தது.

புள்ளிகள் கிட்டக் கிட்ட இருந்தால் வீட்டின் முன்மூலை ஊசியாகிவிடும். சுவர்கள் பாய்ந்து பின்னால் ஓடும். சின்ன வீடு கப்பல் போல நம்மீது ஏறி வரும். விறாந்தை பஸ் டிப்போ அளவு நீளும். அது பிழை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முன்மூலை செங்கோணத்தைவிடக் கூராக வரக்கூடாது என்று அந்த வெளிநாட்டுக்காரர் சிவப்புப் பேனையால் கோடு போட்டே காட்டியிருந்தார். நான் பார்த்தேன். படம் வடிவாக இருந்தது. விட்டுவிட்டேன்.

படத்தை நீலமும் மஞ்சளும் தீட்டி முடித்தபோது நுஸ்றா வந்து தோளுக்கு மேலால் பார்த்தாள்.

"இது என்ட ஊடா ராத்தா?"

"உன்டதான்."

அவள் படத்தில் இருந்த ஜன்னல்களை விரலால் எண்ணினாள்.

மாப்பிள்ளை அதைத் தன் கைப்பேசியின் முகப்பில் போட்டுக்கொண்டார் என்று கேள்வி. அவரோடு அறையில் இருந்த ஏழு பேருக்கும் எங்கள் வீடு தெரியும். அதற்குப் பிறகுதான் அவருடைய தாய் நேரில் பார்க்க வந்தார். இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

சாறு குடிக்காமல் போகவில்லை. குடித்தார். உம்மாவின் கையைப் பிடித்து, "யோசிச்சுச் சொல்றம்," என்றார். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு கருத்துத்தான் உண்டு.

வளவு வாசல் கடப்படியைத் தாண்டும்போது என்னிடம் திரும்பினார். "ஊடு சின்னதெண்டு நான் சொல்லல்ல மகள். அவன் வந்தா எந்தப் பக்கத்தால உள்ளுக்குப் போவான்? உங்கட செவருக்கும் மதிலுக்கும் நடுவால நான் சரிஞ்சு சரிஞ்செல்லுவா வந்தன்."

அன்று பின்னேரம் நுஸ்றா அத்திவாரத்துக்குள் இறங்கிப் புல்லைப் பிடுங்கத் தொடங்கினாள். கோழியை மட்டும் அப்படியே விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

நூல் பிடித்தவள்

மறைபுள்ளிதான் பிழைத்தது என்று வீட்டில் எல்லாருக்கும் சொன்னேன். சரியாகக் கீறி இன்னொரு படம் அனுப்புவோம், உள்ளதை உள்ளபடி காட்டினால் அவர்களுக்கும் கோபம் தணியும் என்றேன். உம்மா நம்பினார். நானும் நம்புகிற மாதிரி இருந்தேன்.

சரியாகக் கீறினால் இரண்டு மறைபுள்ளிகளும் தாளுக்குள் நிற்காது. மேசையிலும் நிற்காது. ஒன்று இடப்பக்கம் ஏழடி தள்ளி ஹோல் ஜன்னலில் விழுந்தது. மற்றது வலப்பக்கம் பதினொரு அடி தள்ளி, கதவையும் தாண்டி விறாந்தையில் விழுந்தது. கோடு போட அவ்வளவு நீள அடிமட்டம் எங்கே இருக்கிறது? பக்கத்து வீட்டுத் தறியிலிருந்து ஒரு கண்டு நூல் வாங்கிவந்தேன். ஒரு நூலை ஜன்னல் கம்பியில் கட்டினேன். மற்றதை ஒரு முக்காலியில் அறைந்த ஆணியில் கட்டினேன். முக்காலி அசையாமல் இருக்க நுஸ்றாவை அதன் மேல் இருத்தினேன். நூலை இழுத்துப் பிடித்து, அதன் வழியே பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து, பிறகு சேர்க்க வேண்டும்.

"அசையாத."

"அசைஞ்சா என்ன நடக்கும்?"

"உன்ட கூரை சரியும்."

அவள் மூச்சையும் பிடித்துக்கொண்டு இருந்தாள். இரண்டு மணித்தியாலம்.

வீடு சின்னதாக, அடக்கமாக, நேராக வந்தது. கூரையும் ஜன்னலும் சண்டை பிடிக்காமல் நின்றன. பார்க்க நல்ல வீடு. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்படிக் கீறும் படத்துக்கு இன்னொரு விசயம் உண்டு. பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்று முதலில் முடிவெடுத்துக்கொண்டுதான் மறைபுள்ளிகளை வைக்க முடியும். நான் அத்திவாரத்தின் மூலையிலிருந்து முப்பத்திரண்டு அடி என்று வைத்திருந்தேன். அந்த இடத்தை நிலத்தில் அடையாளம் வைத்து, அங்கே நிற்க வைத்துப் படத்தைக் காட்டலாம் என்று நுஸ்றா சொன்னாள். நல்ல யோசனைதான். டேப்பை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனோம்.

அவள் மூலையில் பிடித்துக்கொண்டாள். நான் பின்னால் நடந்தேன். பதினேழாவது அடியில் என் முதுகு குசினிச் சுவரில் முட்டியது.

மிச்சத்தை உள்ளே போய் அளந்தோம். சுவரின் தடிப்பையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தோம். முப்பத்திரண்டாவது அடி, காஸ் அடுப்புக்கும் கழுவும் தொட்டிக்கும் நடுவே விழுந்தது. நுஸ்றா அந்த இடத்தில் போய் நின்றாள். சுவரைப் பார்த்தாள். சுவரில் கரண்டிகள் தொங்கின.

"இஞ்ச நிண்டா என்ட ஊடு தெரியணும்."

"ஓம்."

"செவருதானே தெரியுது."

நக்கலாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவுமில்லை. டேப்பில் இருந்த கணக்கை வாசிப்பது போலச் சொன்னாள்.

அந்தக் குசினி வாப்பா கட்டியதல்ல. வாப்பா என் வீட்டுக்குப் பக்கத்தால் பத்தடி விட்டிருந்தார். பின்வீட்டுக்குப் போக வழி. மூன்றாவது பிள்ளை பிறந்தபோது எனக்கு உள்குசினி போதவில்லை. இப்போதைக்கு என்று சொல்லி அந்த வழியில் ஒரு குசினியை இழுத்துக் கட்டினேன். நுஸ்றா அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, அவளிடம் யாரும் கேட்கவில்லை. மதிலோரம் இரண்டடி மிஞ்சியது. இப்போதைக்கு என்றது பதினொரு வருடம்.

முதற்படத்தில் நான் மறைபுள்ளியை மட்டும் பிழையாக வைக்கவில்லை. என் குசினியைக் கீறாமலும் விட்டிருந்தேன். அதன் இடத்தில் ஒரு நீலக் கேட்டும், இரண்டு பூச்சாடியும், வெளிச்சமான முற்றமும் கீறியிருந்தேன். கீறும்போது அது ஒரு குற்றமாகப் படவில்லை. படம்தானே என்றிருந்தது.

நுஸ்றா வெளியே போன பிறகு, அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே சோக்கால் ஒரு குறுக்கு அடையாளம் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியாது. அன்றைய சோற்றை அதில் நின்றுகொண்டே வடித்தேன்.

மனிசன் வந்ததும் சொன்னேன். குசினியை உடைக்கப்போகிறேன் என்றேன். கட்டும்போது சீமெந்து குழைத்தவர் அவர். தடுப்பார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், தடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

"ஊடு உன்ட, குசினியும் உன்ட," என்றார். "என்னட்ட ஏன் கேக்காய்? சோறு மட்டும் எங்க ஆக்குவாய் எண்டு சொல்லு."

"பின் தாவாரத்துல."

"மாரியில நனைவாய்."

"நனையிறன்."

உடைக்க இரண்டு நாள் எடுத்தது. சுவர் போனது, கூரை போனது. நிலத்தில் போட்ட சிவப்புச் சீமெந்து மட்டும் கிடந்தது. அதை உடைக்கக் கூலி வீண் என்று மேசன் சொன்னார். முற்றத்துக்கு நல்லது என்று விட்டோம்.

உம்மா சாய்ந்தமருதுக்கு ஆள் அனுப்பினார். இன்னொருக்கா வந்து பாத்திட்டு மறுகா முடிவச் சொல்லுங்க என்று மட்டும் சொல்லச் சொன்னார். மாப்பிள்ளையின் தாய் வந்தார். இந்த முறை சரியாமல் நேராக நடந்து வந்தார். சிவப்புச் சீமெந்தில் ஏறியதும் நின்றார். மழையில் பாதி அழிந்த சோக்கு அடையாளம் அவருடைய காலடியில் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. எதிரே புல் பிடுங்கிய அத்திவாரம் நாலு மூலையும் தெரியக் கிடந்தது.

நான் நூல் பிடித்துக் கீறிய படத்தை உறையோடு நீட்டினேன். அவர் வாங்கி, பிரிக்காமல் என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"படத்த வைங்க மகள். இஞ்ச நிண்டாத் தெரியுதே."

பிறகு கைப்பேசியை எடுத்து அத்திவாரத்தைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பினார். நாங்கள் எல்லாரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நுஸ்றா ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். கட்டாரில் அவர் வேலையில் இருந்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. தாய் அதை உரத்து வாசித்தார்.

"கேட்டுக்கு நீலப் பெயின்ட் அடிப்பம்."

உம்மா இந்த முறை தட்டை எல்லாருக்கும் நீட்டினார்.

நுஸ்றாவின் வீடு இப்போது எழும்பிவிட்டது. வெளிப்பூச்சு இன்னும் முடியவில்லை. நான் தாவாரத்தில்தான் ஆக்குகிறேன். மாரியில் மழை சாய்ந்து அடித்து அடுப்பு அணையும்போது எனக்குக் கோபம் வரும். நான் பெரிய மனசுக்காரி என்று இந்தத் தொடரைப் படிப்பவர்கள் யாரும் நினைத்துவிட வேண்டாம். சில நாட்களில் அந்தச் சிவப்புச் சீமெந்தைப் பார்த்து, இதில் இன்னும் ஒரு சுவரை எழுப்ப எவ்வளவு கல் போகும் என்று மனம் கணக்குப் போடுவதும் உண்டு.

சோக்கு அடையாளம் எப்போதோ அழிந்துவிட்டது. நுஸ்றா காலையில் பாலர் பாடசாலைக்குப் பிந்தித்தான் புறப்படுவாள். ஓட்டமும் நடையுமாக வருவாள். அடுப்பும் தொட்டியும் இருந்த இடத்துக்கு நடுவே வந்ததும் ஒவ்வொரு நாளும் நின்று, கதவைப் பூட்டினேனா என்று திரும்பித் தன் வீட்டைப் பார்ப்பாள். பிறகு போவாள்.